மாதா கெபி முன்னால் ஒரு சத்தியம்

1986-ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் அப்போது நான் ரைட்டராக இருந்தேன். ஆள் வருகை, மழை அளவு, உரம் வந்த நாள் எல்லாவற்றையும் எழுதி வைப்பது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய டைரி இருக்கும். அதில் குறித்து வைத்ததால்தான் இதை இன்றும் மணி பிசகாமல் சொல்ல முடிகிறது.

என் தம்பி மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயது, கல்யாணமாகி ஐந்து வருடம். ஷிப்டு முடிந்து அலுப்புத் தீரக் குடிக்க ஆரம்பித்தவன், அந்த வருடம் காலையில் டீ கிளாஸைப் பிடிக்கவே முதலில் பிராந்தி வேண்டும் என்கிற நிலைக்கு வந்திருந்தான். அவன் மனைவி கடிதம் எழுதியிருந்தாள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். மெட்ராஸ்தான் அவனைக் கெடுத்தது, மலைக்குக் கூட்டி வந்து ஒரு மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடுவான் என்று முடிவு செய்தோம். அப்படி அடித்துச் சொன்னது நான்தான். வீட்டில் நாலு புத்தகம் படித்தவன் நான் என்பதால் மறுபேச்சு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவனையும் அவன் மனைவியையும் அழைத்துவர சேலம் பஸ் நிலையத்துக்குப் போனேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த கடைக்குள் போனான். இனி எப்படியும் கிடைக்கப் போவதில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்து ஐம்பது. கடைசிக் குடி என்று எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. குடிப்பவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் குகை போலக் கட்டியிருக்கும் மாதா கெபி முன்னால் நிறுத்தி, கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துச் சத்தியம் வாங்குவோம். அவர் மட்டுமல்ல, வீட்டார் எல்லோரும் அவர் கைமேல் கை வைக்க வேண்டும். அவர் இனித் தொடமாட்டார், நாங்களும் எங்கள் கையால் ஒரு சொட்டுக் கொடுக்கமாட்டோம், அவரைப் படி தாண்ட விடமாட்டோம் என்று பொருள். மீறினால் பாவம் வீட்டுக்கே.

மறுநாள் ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது தம்பி மனைவி என்னிடம் தனியாக வந்தாள்.

"ஏனுங்க மாமா, ஒரேயடியா நிறுத்தறது வேண்டாமுங்க. தவக்காலத்துல ரெண்டு நாளு குடிக்காம இருந்து பாத்தாரு. கையுங்காலும் ஒதறி, என்னென்னமோ ஒளறி, நான் நொம்ப பயந்துட்டேனுங்க. சேலத்துல ஒரு டாக்டரைப் பாத்துட்டு அப்புறமா சத்தியம் வாங்கலாமுங்க."

"நீ இப்படி எரக்கம் பாத்துப் பாத்துத்தான் அம்மிணி அவன் இந்த கெதிக்கு வந்தான்" என்றேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். கெபி முன்னால் அவளும் கை வைத்தாள். தம்பி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இவ்வளவு மனதோடு அழுகிறவன் நிச்சயம் நிறுத்திவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குள் அவன் கை நடுங்கத் தொடங்கியது. குளிரிலும் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. சோற்றை அள்ளினால் பாதி தட்டிலேயே விழுந்தது. அவனே அதைக் கேலி செய்துகொண்டான்.

"கோயில்ல மணி அடிக்க ஆளு வேணும்னா என்னையக் கூப்பிடச் சொல்லுண்ணா. கவுத்தைப் புடிச்சாப் போதும், தன்னால அடிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அவன் மனைவி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

"எறும்புண்ணா. ஊடு பூரா எறும்பு. உன் கையில கூட ஏறுது பாரு" என்றான்.

போர்வையில் ஒன்றுமில்லை. நான் விரித்து உதறிக் காட்டினேன். அவன் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கிள்ளத் தொடங்கினான். பொறுக்க முடியாமல் அவன் மனைவி மறுபடியும் கேட்டாள். "ஜீப்புல சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க மாமா."

"அதுக்குத்தான் அவன் இந்த வேலையெல்லாம் பண்றான். சேலத்துல எறங்குனா மொத வேலையா எங்க போவான்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

வெளி அறைக்கு வந்து டைரியை எடுத்தேன். காலை ஒன்பது பத்து, எறும்பு என்கிறான், நடிப்பு என்று எழுதினேன். நடிப்பு என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடும் போட்டேன்.

பதினொன்று இருபதுக்கு உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். தம்பி தரையில் கிடந்தான். உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது, வாயோரம் நுரையில் ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் மனைவிதான் தலை தரையில் மோதாமல் தன் கையை அடியில் கொடுத்து, அவனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். "ஜீப்பைச் சொல்லுங்க" என்றாள். இந்த முறை கேட்கவில்லை, உத்தரவிட்டாள்.

எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினோம். முதலில் மண்பாதை, பிறகு டவுன், பிறகு மலையிறக்கம். மஞ்சுமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ தடவை இறங்கிய பாதைதான், அன்று ஒவ்வொன்றும் ஒரு யுகமாக இருந்தது. ஒன்பதாவது வளைவில் மறுபடியும் வலிப்பு வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டப் பார்த்தார். "நிறுத்தாதீங்கண்ணா, ஓட்டுங்க" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். தன் மடியில் இருந்த தலையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். ஊசி போட்டு, மருந்து ஏற்றி, இழுப்பு அடங்கியபின் எங்களைத் தனியே அழைத்தார். "கடைசியா எப்பக் குடிச்சாரு? சரியான நேரம் தெரிஞ்சா நல்லது" என்றார்.

எனக்குத் தெரியாத நேரமா? டைரியைப் பிரித்துக் கொடுத்தேன். வலிப்பு வருவதற்கு நாற்பத்தொன்றரை மணி நேரம் முன்பு. டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தையும் படித்தார். கோடு போட்ட சொல்லின் மேல் அவர் விரல் நின்றது.

"நடிப்பு இல்லைங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "வருசக்கணக்கா தெனமும் குடிச்ச ஒடம்பு அது இல்லாம ஓட மறந்துருது. டக்குனு நிறுத்துனா மூளை தாறுமாறாப் போயிரும். இல்லாததெல்லாம் தெரியும், வலிப்பு வரும், சில பேரு செத்தே போயிருக்காங்க. நிறுத்தணும்தான். டாக்டரை வெச்சுக்கிட்டு நிறுத்தணும். உங்க ஊட்ல யாருமே ஒண்ணும் சொல்லலீங்களா?"

தம்பி மனைவி பக்கத்தில்தான் நின்றாள். காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. "சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று நானே சொன்னேன்.

அடுத்த இரண்டு நாளும் அவனுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. கட்டில் கம்பியை அச்சு மெஷின் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பிழைப்பானா என்று டாக்டரிடம் கேட்டபோது, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். வியாழக்கிழமை காலையில் கண் விழித்து, "அண்ணா, பசிக்குது" என்றான். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியிலிருந்தும் போதை மருந்துகளிலிருந்தும் மீட்க வைத்தியம் செய்யும் ஓரிடத்துக்கு. அது இருந்தது மெட்ராஸில். எந்த ஊரிலிருந்து அவனைத் தப்புவித்துக் கொண்டுவந்தோமோ அந்த ஊருக்கே ரயில் ஏறினோம்.

அங்கே வாரம் ஒருநாள் குடும்பத்தாரை மட்டும் உட்கார வைத்துப் பேசுவார்கள். பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, கல்லூரிப் பையனின் தகப்பனார், இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள், எல்லோரும் ஒரே பெஞ்சில். அவர் நிறுத்துவதற்கு நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று அங்கே பணிபுரிந்தவர் ஒவ்வொருவரையும் கேட்டார். அறையில் பூட்டினேன், தாலியைக் கழற்றி வைத்தேன், வேலையை மாற்றினேன், ஊரை மாற்றினேன் என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் கெபியைச் சொன்னேன்.

இட்லிக் கடை அம்மாள் என் பக்கம் திரும்பினார். "என் புள்ளைக்கு போதைப் பவுடரு சார். மூணு கோயில்ல கவுறு கட்டிட்டேன். கவுறு மூணும் அப்டியே கீது. புள்ளதான் நிக்க மாட்டேங்குறான்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

அந்தப் பணியாளர் மெதுவாகச் சொன்னார். "சத்தியம் பண்ணும்போது யாரும் பொய் சொல்றதில்லம்மா. உங்க புள்ளையும் சொல்லல. காய்ச்சல்காரன்கிட்ட இனிமே காய மாட்டேன்னு சத்தியம் வாங்குனா அவன் மனசாரத்தான் பண்ணுவான்."

கெபி முன்னால் என் தம்பி அழுத அழுகையை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

வெளியே வந்து அவன் மனைவியிடம் சொன்னேன். "அன்னைக்கு உம் பேச்சைக் கேட்டிருக்கோணும் அம்மிணி."

"இனிமேக் கேளுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

தம்பி உடனே மாறிவிடவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருமுறை மறுபடியும் விழுந்தான். இந்தத் தடவை யாரும் சத்தியம் கேட்கவில்லை. அவனே பையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவன் குடிக்கவில்லை. மெட்ராஸிலேயே, அதே அச்சகத்தில் வேலை பார்த்தான்.

எங்கள் ஊரில் இன்னும் கெபி முன்னால் சத்தியம் வாங்குகிறார்கள். சாட்சிக்கு வரச் சொல்லி என்னையும் கூப்பிடுவார்கள். வருகிறேன், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம், பஸ்ஸில் நானும் கூட வருகிறேன் என்பேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள், சிலர் வருவார்கள். எத்தனையோ புத்தகங்களில் நான் படிக்காத ஒன்றை, அவனோடு வாழ்ந்தவள் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லியும் நான் நம்பவில்லை என்பதும், அதற்காக ஒரு திங்கட்கிழமை காலையில் என் தம்பியின் உயிரையே கொடுக்க இருந்தேன் என்பதும், இன்றைக்கும் யாராவது தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது என்னை வாயை மூடிக்கொண்டு கேட்க வைக்கின்றன.