ஆள் இல்லாமல் ஓடணும்

அந்த மேக்ரோவை எழுதியது நான்தான். அதற்காக என்னைத் திட்ட நினைப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டட்டும். அழுது புலம்பி மனதைக் கழுவிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. எனக்குக் கோபம். இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

மலாக்காவில் செங் என்ற ஊரில், பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. யார் எந்த ஷிப்டில் நிற்க வேண்டும் என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். வாசலில் யார் கார்டைத் தட்டி உள்ளே வந்தார்கள் என்ற பதிவும் வரும். இரண்டையும் ஒப்பிட்டு, பட்டியலில் இருந்தும் வராதவர்களின் போனுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்ப வேண்டும். மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போச்சு. வாசல் கார்டு செத்துவிடும், கணினியிலிருந்து பெயர் போய்விடும், ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டு வேறு ஆளை அனுப்பிவிடுவார். கையால் செய்து கண் பூத்துப்போனதால்தான் எக்செலில் மேக்ரோ எழுதினேன். பட்டனை அழுத்தினால் அதுவே ஒப்பிட்டு, பெயர்களைத் திரட்டி, கடைசியில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி "அனுப்பலாமா?" என்று கேட்கும்.

அந்தப் பெட்டி எழும்பிய பிறகுதான் என் நிஜமான வேலை ஆரம்பிக்கும். ஏனென்றால் எங்கள் லைனில் 'மாத்து நிற்பது' என்று ஒன்று உண்டு. நோன்புப் பெருநாள் நேரத்தில் மலாய்க்காரப் பெண்களின் இடத்தில் நம் பெண்கள் போய் நிற்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் வந்து நம் இடத்தில் நிற்பார்கள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. கேண்டீனில் டீ குடித்தபடி பேசி முடிக்கிற விஷயம். யாருக்காக யார் நிற்கிறார்கள் என்று என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பெட்டி கேட்கும்போது நான் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, பிறகுதான் 'சரி' என்று அழுத்துவேன்.

எங்கள் மேனேஜர் தமிழர். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அவர் கோலாலம்பூருக்கு ஏதோ கோர்ஸுக்குப் போய்விட்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இன்னும் நீதான் பட்டன் அமுக்கறியா? வேணாம் லா. ஆள் இல்லாம ஓடணும். அதுதான் ஆட்டோமேஷன்."

சரியென்று செய்து கொடுத்தேன். மாலை ஷிப்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் அறையில் இருக்கும் கணினி தானே கோப்பைத் திறந்து, தானே மேக்ரோவை ஓட்டும். முதல் தடவை நான் பெட்டியை எடுக்காமலே விட்டேன். சனிக்கிழமை மாலை அது "அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் திங்கள் காலை வரை அப்படியே நின்றது. அவர் அறையிலிருந்து கத்திய கத்தல் கேண்டீன் வரைக்கும் கேட்டது. பெட்டியைத் தூக்கு என்றார்.

"பெட்டிய எடுத்தா மாத்து நிக்கிறவங்கள யாரு பாக்கறது சார்?"

"மாத்துன்னு ரூல்ஸ்ல எங்கயாச்சும் இருக்கா? இல்லாதத நீ ஏன் பாக்கற?"

எடுத்தேன். எக்செலில் ஒரு வரி எழுதலாம், எந்த எச்சரிக்கையையும் காட்டாதே என்று. இன்னொரு வரி, பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போ என்று. இரண்டையும் அவர் பக்கத்தில் நின்று எழுத வைத்தார். எழுதி முடித்ததும், "பாத்தியா, எவ்வளோ சுத்தமா ஓடுது" என்றார்.

தீபாவளி நெருங்கியதும் அவர் அறைக்குப் போய் நின்று சொன்னேன். தீபாவளிக்கு முதல் நாள் மாலை மட்டும் அதை நிறுத்தி வையுங்கள், நிறையப் பேர் மாத்துச் சொல்லியிருக்கிறார்கள், நானும் லீவு. அவர் அறை, அவர் கணினி, பாஸ்வேர்டும் அவரிடம்தான். ஒரு டிக்கை எடுத்தால் போதும், அந்த இடத்தைக்கூடக் காட்டிக் கொடுத்தேன். "பாத்துக்கறேம்மா, நீ போய் முறுக்கு சுடு" என்றார். பிறகு, தீபாவளிக்கு எல்லோரையும் அழைத்து விருந்து வைக்கிற தன் வீட்டு ஓப்பன் ஹவுஸுக்குக் கூடாரம் அடிக்கிற வேலையில் இறங்கிவிட்டார். கணினி பாட்டுக்கு ஓடியது.

குருபோங்கில் என் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். எங்கள் லைனில்தான் வேலை. அந்த வருடம்தான் புருஷன் போய்ச் சேர்ந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்களில் இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தார். அதெல்லாம் முறைப்படிதான், நான் ஒன்றும் சொல்ல முடியாது. துக்க வருடம், தீபாவளி இல்லை. ஆனால் முதல் நாள் மாலை செத்தவர்களுக்குப் படையல் போடாமல் எந்த வீடு இருக்கும்? மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் ஒரு மலாய் அக்கா, "நீ போய் உன் வீட்டுக்காரருக்குச் செய், நான் நிற்கிறேன்" என்று தானாகவே சொல்லியிருக்கிறார். சொன்னபடி வந்து கார்டைத் தட்டி, அக்காவின் மெஷினில் முழு ஷிப்டும் நின்றிருக்கிறார்.

மெஷின் ஓடியது. பொருள் விழுந்தது. ஆள் அங்கே நின்றார். ஆனால் பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது, வாசல் பதிவில் இல்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து நின்றால் அது என்னவென்று பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாவது எச்சரிக்கை போய்விட்டது. கார்டு முடக்கப்பட்டது, ஏஜெண்டுக்கும் தகவல் போனது. சுத்தமாக ஓடியது.

லீவு முடிந்து போனபோது அக்கா வாசலில் கார்டைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். காவலாளி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னான். வேறு ஒரு பெண் புதுக் காலணியோடு உள்ளே போனாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். மேசையில் அச்சுமுறுக்கு டப்பா திறந்திருந்தது.

"நிறுத்தி வைக்கிறேன்னு சொன்னீங்களே சார்?"

"மறந்துட்டேம்மா. தீபாவளி நேரம், உனக்குத் தெரியாதா? ஏஜெண்டு வேற ஆள் அனுப்பிட்டான். இப்ப என்ன செய்யறது? யாரும் வேணும்னு செய்யல. யாருமே செய்யல, சிஸ்டம் செஞ்சது."

அவருக்குத் தீபாவளி தெரியாதா? தன் அப்பாவுக்கு இலை போட்டிருக்க மாட்டாரா? ஒரு சீனரோ மலாய்க்காரரோ இப்படிச் சொல்லியிருந்தால் விளக்கியாவது இருப்பேன். இவருக்கு நான் எதை விளக்க? டப்பாவைத் தூக்கி அவர் மேல் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை, அந்த எரிச்சல் வேறு இருக்கிறது.

வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லாமல் வழியை மட்டும் விட்டார். சாமி மேடைப் பக்கம் புருஷனின் படம், மாலை காய்ந்திருந்தது.

"அவருக்குப் புடிச்ச கோழிக்கறி வெச்சு, சூடம் காட்டப் போறேன், போன் அடிக்குது. நல்ல நாளும் அதுவுமா யாரோ ஆறுதல் சொல்றாங்கன்னு எடுத்துப் பாத்தேன். கீழ ஒம் பேரு."

எல்லாச் செய்தியும் என் கணக்கிலிருந்துதான் போகும். அதனால் கீழே என் பெயர்.

"நான் அனுப்பலக்கா."

"அப்ப யாரு அனுப்புனா? சொல்லு, அவங்களையே கேட்டுக்கறேன்."

யாருமே அனுப்பவில்லை என்ற பதிலைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்து மேனேஜரின் நம்பரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அக்காவின் கையில் கொடுத்தேன். "இவர்தாங்க்கா. கேளுங்க."

அவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, படையல் போட்டுக்கிட்டு இருக்கறப்ப மெசேஜ் வந்துச்சு. ஏன்னு கேக்கலாம்னு."

"யாரும்மா நீங்க?"

அக்கா தன் பெயரைச் சொன்னார். எந்த லைன், எந்த மெஷின் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் அவர் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தேடினார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலயேம்மா" என்றார்.