நான்கு தளபதிகளுக்கு எழுதிய ஒரே மனு

சுபேதார் செத்துப் போனார். இன்று காலை ஆறரைக்கு, திருப்பரங்குன்றத்தில் அவர் வீட்டிலேயே.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடும் கைகளாக வந்து விழுகின்றன. நான் அங்கே எதுவும் போடவில்லை. இங்கே போடுகிறேன்... கொஞ்சம் நீளம்தான்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் தெருவில் முதல் வீடு அவருடையது. டெல்லி ராணுவத் தலைமையகத்தில் கிளார்க் வேலை பார்த்து சுபேதாராக ரிட்டயர் ஆனவர். இந்தப் பக்கத்து மாஜி சிப்பாய்கள் மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள்.

அவர் வீட்டு முன்ரூம் சுவர் முழுக்க ராணுவத் தலைமைத் தளபதிகள். பேப்பரில் வந்த படங்களை வெட்டி ஃப்ரேம் போட்டு வரிசையாக மாட்டி, தினமும் துடைப்பார். எங்கள் வீட்டில் சாமி படங்களைக்கூட அப்படித் துடைத்ததில்லை.

பொங்கலன்று அவனியாபுரத்தில் காளை அவிழ்க்கிற நேரம் பார்த்து, ராணுவ தினம் என்று எல்லா மாஜிகளையும் வாசலில் நிறுத்துவார். பிறகு லெக்சர்.

"வெள்ளக்காரன் காலத்துல அந்தப் பதவிக்கு கமாண்டர் இன் சீஃப்னு பேரு. வைஸ்ராய்க்கு அடுத்த நாற்காலி. நம்மாளு ஒருத்தரு மொதமொதல்ல அதுல உக்காந்த நாளுதான்யா இன்னைக்கி. பெறகு அந்தப் பேரையே எடுத்துட்டு சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்னு மாத்துனாக. மூணு வருசம், இல்லாட்டி அறுவத்திரெண்டு வயசு. எது மொதல்ல வருதோ அன்னைக்கி எறங்கிப் போயிரணும். எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும்!"

எங்கப்பா அந்த வரிசையில் அட்டென்ஷனில் நிற்பார். அப்பா நாயக். சட்டைக் கையில் இரண்டு கோடு, அவ்வளவுதான்.

அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் ஒரு சிவப்பு மை என்ட்ரி உண்டு. லீவு முடிந்து ஒன்பது நாள் லேட்டாகத் திரும்பியதற்கு. பட்டாளத்தில் சிவப்பு மை என்றால் தண்டனை... கடைசி வரை கூடவே வரும்.

லீவு முடிகிற அன்றுதான் என் அக்காவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டு மாசக் குழந்தை. நான் பார்த்ததே இல்லை.

ஏழாம் நாள் இறந்துவிட்டாள். அடக்கம் செய்துவிட்டு ரயிலேறிப் போய் நின்றவரிடம் அங்கிருந்த அதிகாரி, "லேட்டா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த மையை நீக்கச் சொல்லித் தலைமைத் தளபதிக்கு ஒரு மனு. அப்பா இந்த உலகத்திடம் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு எழுதினார். நான் இங்கிலீஷைத் திருத்தினேன். முறைப்படி போகணும், நானே அனுப்புகிறேன் என்று சுபேதார் வாங்கிக்கொண்டார்.

ரொம்ப நாள் பதில் இல்லை. பிறகு ஒருநாள் லட்டு டப்பாவோடு வந்தார். அவர் வீட்டுச் சுவரில் புதுப் படம் ஏறியிருந்தது.

"நாயக், புது சீஃப் வந்துட்டாருப்பா. பழைய ஆளு பேருக்கு எழுதுன மனு இனிமே செல்லாது. புதுசா எழுது."

"சரி சாப்."

முதலில் எழுதியதோடு சேர்த்து நாலு மனு. தளபதி மாற மாற அப்பா புதுசாக எழுதினார். அதே ஒன்பது நாள், அதே ஆஸ்பத்திரி, மேலே வேறு பெயர். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

அந்த நாலு பெயரையும் ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுத்தது நான்தான். நான் ஒரு ஸ்கூல் டீச்சர். ஹெச்எம் மாறினால் லீவ் லெட்டர் செல்லாமல் போய்விடுமா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை... என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருஷம் பங்குனியில் அப்பா இறந்தார். முப்பது முடிந்து அப்பாவின் மனு ஃபைலைக் கேட்டு சுபேதார் வீட்டுக்குப் போனேன்.

ஃபைலில் நாலு மனுவும் இருந்தன. நாலும் ஒரிஜினல். மடிப்புகூட விழவில்லை.

"அனுப்பவே இல்லையா மாமா?"

"ஒரு ஆபீசர் போட்ட மைய அழிங்கன்னு ஒரு நாயக் சீஃபுக்கு எழுதுறதா? என் கையெழுத்தப் போட்டு அத அனுப்புனா என்னைய என்ன நெனைப்பாக தாயி? உங்கப்பா மனசு நோகக் கூடாதேன்னு வாங்கி வச்சேன். காபி குடிச்சிட்டுப் போ."

குடிக்கவில்லை. அங்கேயே கத்தியிருக்க வேண்டும். ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் அந்த ஃபைலைத் தொடவே முடியவில்லை. இந்தத் தை மாதம் கடைசி மனுவை எடுத்து அப்படியே கவரில் போட்டு அனுப்பினேன். உள்ளே பெயர் இருந்த தளபதி அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தார். கவர் மேல் பெயர் எழுதவில்லை, பதவி மட்டும்தான்.

போன வாரம் பதில் வந்துவிட்டது! தளபதிக்காக யாரோ ஒரு கர்னல் கையெழுத்து. அப்பா பெயருக்கு.

ஒன்பது நாள் தாமதம் ஏன் என்று மனுதாரர் விரிவாக எழுதி அனுப்பவும். அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்.

அதை சுபேதார் முன்னால் நின்று சத்தமாக வாசிக்கணும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போவதாக பிளான். முந்திக்கொண்டார் மனுஷன். சாவிலும் என்னை ஏமாற்றிவிட்டார்.

காலையில் அம்மாதான் ஆரம்பித்தாள்.

"ஒரு எட்டு போயி தலையக் காட்டிட்டு வந்துருடி. தெருவுல என்ன நெனைப்பாக?"

"நீ போறியாம்மா?"

அம்மா உள்ளே போனாள். அந்தக் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் போகல. இதுக்கு நாந்தான் பதில் சொல்லணும். நீ எழுது. புள்ளைக்கு எட்டு மாசம்னு மொதல்ல எழுது."

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.

போங்க சுபேதார். நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.