குவைத்திலிருந்து ஐந்தேகால் மணித்தியாலம்

குவைத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஐந்தேகால் மணித்தியாலம். இது எனக்கு மனப்பாடம். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

அவளுடைய உம்மா மாத்தளையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். போனில் மனைவி அழவில்லை.

"மொகத்த ஒருக்கா பாக்கணும். நான் வரங்காட்டியும் அடக்கிறாதீங்க," என்றாள்.

அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி டிக்கட் எடுத்துக் கொடுத்தாள். அங்கே காலை ஐந்து மணிக்கு விமானம்.

எங்களில் ஜனாஸாவை அதிக நேரம் வைத்திருப்பதில்லை. மறுநாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்த பள்ளிவாசல் டிரஸ்டி, முற்றத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"மகள் எத்தன மணிக்கு வருவா?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தம்புள்ளைச் சந்தையில் லொறிகளுக்கு மரக்கறி ஏற்றுகிறேன். எந்த லொறி எப்போது கொழும்பு போய்ச் சேரும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவேன். அப்படியே எண்ணினேன். ஐந்தும் ஐந்தேகாலும் பத்தேகால். ரோட்டில் நாலு மணித்தியாலம்.

"ரெண்டரைக்கு வந்துருவா."

"அப்ப மூணரைக்கு அஸரோட அடக்குவோம். ப்ளேன் தானே, தம்புள்ள பஸ்ஸா, நின்டு நின்டு ஆள் ஏத்த?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பள்ளி ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தார்கள்.

பத்தரைக்கு அவளுக்கு எடுத்தேன். போன் அணைந்திருந்தது. பதினொன்றுக்கும் அப்படித்தான். ஒரு மணிக்கு அவளே எடுத்தாள்.

"இப்பதான் எறங்கினேன்."

அங்கே ஐந்து என்றால் இங்கே ஏழரை. தினமும் அவள் பேசும்போது அந்த இரண்டரையைக் கூட்டிப் பார்க்கிறவன், அன்று விட்டுவிட்டேன்.

"மஃரிபுக்கு முந்தி வந்துருவேன். அவங்கள்ட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

டிரஸ்டி வெளியே கதிரையில் இருந்தார். கடைகளைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், உக்குவளையிலிருந்து வந்த உறவுக்காரர்கள், எல்லோரும் சுற்றி இருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல ஹாஜியார். தண்ணி ஏதும் வேணுமா?"

அஸருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் நாலைந்து தடவை அவர் பக்கத்தில் போயிருப்பேன். ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம் அவரே கேட்டார்.

"மகள் இன்னம் வரல்லயே. கொஞ்சம் பாப்பமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் இன்னும் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறாள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். நான் பிழையாக எண்ணியதைச் சொல்ல வேண்டும்.

"தேவல்ல. தூக்குங்க," என்றேன்.

மனைவி வந்தபோது மணி ஐந்தே முக்கால். உம்மாவின் கட்டிலைக் கழுவி வெளியே சாய்த்து வைத்திருந்தோம். அடக்கிய மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவங்கள்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஏலாதுன்னுட்டாங்க."

இரண்டு நாள் கழித்து டிரஸ்டி துக்கம் விசாரிக்க வந்தார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் இருந்து, துஆ ஓதிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவள் திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நீண்ட நேரம் பேசுவாள். எதைப் பேசினாலும் கடைசியில் அதற்குத்தான் வருவாள்.

"ரெண்டு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம் அந்த மனுசன்."

"பொறுத்திருக்கலாம்தான்," என்கிறேன்.