குடிவராத வீட்டில் ஒரு யுத்தப் படம்

எங்கள் கட்டடத்திலிருந்து புகை வருகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் சிறுசேரி அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தேன். கட்டடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தூணும் தளமும் செங்கல் சுவரும் எழும்பி, அதற்குமேல் ஒரு கரண்டி சிமென்ட்கூடப் படாமல் வருஷக்கணக்காக நிற்கும் எலும்புக்கூடு அது. அதில் ஐந்தாவது மாடியில் ஒரு வீடு எங்களுடையது. பத்திரத்தில்தான் எங்களுடையது. கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி பில்டர் பெரிய பூட்டாகப் போட்டிருந்தார். எரிந்தால் எரியட்டும், எரிவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் டப்பாவை மூடிவிட்டுக் கேளம்பாக்கம் சாலை வழியாக பைக்கை விரட்டினேன்.

போகிற வழியெல்லாம் என் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச் வழக்கத்தில், புது வீட்டில் போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும் பால் காய்ச்சுவோம். பால் பொங்கி வழிந்தால்தான் அது வீடு. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வாடகைக்குப் போன வீடுகளில் எல்லாம் அவள் ஒழுங்காகக் காய்ச்சினாள். சேலையூர் வீட்டுக்கு மாறியபோது மட்டும் அடுப்பில் பால் வைக்கவில்லை. "இனிமே காய்ச்சினா நம்ம வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டாள். அதற்கென்றே ஒரு பித்தளைப் பாத்திரம் வாங்கிப் பரணில் வைத்திருந்தாள். வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் கணக்கு டீச்சர். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அழித்து எழுதுகிற பழக்கம் கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எனக்கு முன்பே வந்திருந்தாள். பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. எங்களைப் போல் பணம் கட்டி மாட்டிக்கொண்ட ஏழெட்டுக் குடும்பங்கள் கேட்டுக்கு வெளியே நின்றன. ஒரு ஜீப் நின்றிருந்தது. அதன் கதவில் கொட்டை எழுத்தில் 'பிரஸ்' என்று எழுதியிருந்தது. ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத சட்டையும் போட்ட ஒரு பெண்ணும், கழுத்தில் இரண்டு கேமரா தொங்கவிட்ட ஒரு ஆளும் ஜீப் பக்கத்தில் நின்றார்கள். வீடு வாங்கி ஏமாந்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் சங்கத்தின் செயலாளர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். வெறும் வாயை மெல்கிறவருக்கு அவல் கிடைத்திருக்கிறது என்று புரிந்தது. எத்தனை பத்திரிகைக்கு எழுதினோம், எத்தனை டிவிக்கு போன் பண்ணினோம்! ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஜீப்பே வந்துவிட்டது. ஹெல்மெட் எதற்கு என்று மட்டும் எனக்கு லேசாக உறுத்தியது. மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிற உத்தியோகம் பார்க்கிறவனுக்கு அப்படித்தான் உறுத்தும்.

அந்தப் பெண் அவ்வளவு அக்கறையாகக் காதுகொடுத்தாள். ஒருமுறைகூடக் கைபேசியைப் பார்க்கவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டுக்கேட்டு அவரைப் பேசவைத்தாள். பெரியவர் ஆதியிலிருந்து அந்தம்வரை கொட்டினார். வாட்ச்மேனுக்குத்தான் தாங்கவில்லை.

"இன்னா சார் நீ! அவங்க ஆக்டருங்க சார். உள்ள சூட்டிங் நடந்துகினு கீது. யுத்தப் படம்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். புகை, மேலே எரிந்துகொண்டிருந்த பழைய டயர்களின் புகை. பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. அந்த நடிகை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஸாரி சார், நீங்க சொல்லச் சொல்ல நடுவுல நிறுத்த மனசு வரல" என்றாள்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "பரவால்லம்மா. நிஜமானவங்க யாரும் இவ்ளோ நேரம் நின்னு கேட்டதில்ல. மீதியையும் கேட்டுடுங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். எங்களை உள்ளே விடாத பில்டர் சினிமாக் கம்பெனிக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். ஆனால் வந்தது என்னவோ ஆர்வம். அந்த வெற்றுக் கட்டடத்தில் யுத்தத்தை எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள்? கையில் வாக்கிடாக்கியோடு ஓடிக்கொண்டிருந்த உதவி இயக்குநரைப் பிடித்தேன். பேர் சொல்லாத ஒரு நாடு, உள்நாட்டுப் போர், தலைநகருக்குப் போகும் ஒரு நிருபரும் ஒரு போட்டோகிராபரும்; வழியில் பார்ப்பதை உலகத்துக்குச் சொல்வது அவர்கள் வேலை. கதை அவ்வளவுதான். "செட் போடவே வேணாம்னு ஆர்ட் டைரக்டர் சொல்லிட்டாரு சார். பில்டிங்கே பாதி வேலைய முடிச்சு வச்சிருக்கு" என்றான். கட்டி முடிக்காத வீடும் குண்டு விழுந்த வீடும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நாங்க மேல போய்ப் பாக்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆர்ட்டிஸ்ட் மட்டும்தான் மேடம் மேல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நான் முனகிக்கொண்டிருந்தபோதுதான் வாக்கிடாக்கி கத்தியது. கூட்டத்தில் நடிக்க வேண்டியவர்களை ஏற்றிவந்த பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். வெளிச்சம் போவதற்குள் அகதிகள் வேண்டும். உதவி இயக்குநர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நீங்க எல்லாரும் கரெக்டா இருக்கீங்களே" என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் கேட் திறந்தது. கைப்பிடி இல்லாத படியில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினோம். ஐந்தாவது மாடியில் நடைபாதை நெடுகப் போர்வையும் மூட்டையும் இறைந்து கிடந்தன. எங்கள் வீட்டு வாசல் நிலை இருக்க வேண்டிய இடத்தில் கொத்தனார் கரியால் எழுதிய எண் அப்படியே இருந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

ஹால் சுவர் முழுக்கத் துப்பாக்கி ரவை பட்ட ஓட்டைகள். "யாரைக் கேட்டுய்யா ஓட்டை போட்டீங்க?" என்று நான் எகிறினேன். ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் ஒன்றை விரலால் பெயர்த்துக் காட்டினான். களிமண். அதுவரை பதுங்கியிருந்த கோபம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. இன்னொன்றை நானே பெயர்த்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஓட்டை மட்டும் பெயரவில்லை. அது பில்டர் ஏசிக்காக விட்டது. எதிர்ச் சுவரில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தார்கள். யாரோ அப்பா, யாரோ அம்மா, இரண்டு குழந்தைகள். என் மனைவி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நமக்கு முன்னாடி வேற யாரோ குடிவந்துட்டாங்க" என்றாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்ததோடு வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் காலையில் எடுக்க வேண்டியது சமையலறைக் காட்சி. குண்டு விழுந்த வீட்டில் தனியாக ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள், நிருபரும் போட்டோகிராபரும் உள்ளே வருகிறார்கள். அந்தப் பெண் வேஷத்துக்கு யாரைப் போடலாம் என்று படக்குழுவினர் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கே போய், "இது என் கிச்சன்" என்றாள். நடிகைதான் இயக்குநரிடம் போய்ச் சிபாரிசு செய்தாள்.

அன்று ராத்திரி சேலையூரில் என் மனைவி பரணில் ஏறி அந்தப் பாத்திரத்தை எடுத்தாள். உறையைப் பிரித்தாள். காலையில் நான் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கேட்காமலே ஒரு பால் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டேன். அவள் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரப்பாக்கம் வரும்வரை எனக்கு இதே யோசனைதான். காய்ச்சுவாளா? கரி பூசின சுவருக்கு நடுவே காய்ச்சினால் அது செல்லுமா? வீட்டுக்குள் போக நமக்கு வேறு எப்போது வாய்க்கப்போகிறது? கேட்டில் பால் பாக்கெட்டைப் பார்த்த பெரியவர் ஒரு படி மேலே போய், "போதகர் இல்லாட்டி என்னம்மா, ஜெபம் நான் பண்றேன்" என்றார்.

சமையலறை மேடையில் அடுப்பு எரிந்தது. உதவி இயக்குநர், "ஆவி மட்டும் வந்தா போதும் மேடம், உள்ள எது வேணா இருக்கலாம்" என்றான். நான் பாக்கெட்டை நீட்டினேன். அவள் பக்கத்தில் இருந்த கேனைச் சாய்த்துப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

"பால் பையிலயே இருக்கட்டுங்க. விருந்தாளியா வந்த வீட்டுல காய்ச்சக் கூடாது" என்றாள். நான் பாக்கெட்டைத் திரும்பப் பையில் போட்டேன். நகர்ந்து கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அழக் கூடாது, பேசக் கூடாது, வருகிறவர்களை வெறுமனே பார்க்க வேண்டும். முதல் டேக்கில் போட்டோகிராபர் பூட்ஸ் காலோடு தடதடவென்று உள்ளே வந்தார். என் மனைவி, பாடம் நடத்தும்போது கதவருகே நிற்கிற பையனிடம் சொல்கிற குரலில், "சார், செருப்ப வெளில விட்டுட்டு வாங்க" என்றாள். மொத்த யூனிட்டும் சிரித்தது. அந்த நடிகர் நிஜமாகவே இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

இரண்டாவது டேக். இந்தமுறை அவள் பூட்ஸைப் பொறுத்துக்கொண்டாள். நிருபராக நடித்த பெண் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தைய நாள் பெரியவரிடம் கேட்ட அதே அக்கறையோடு கேட்டாள்.

"ஊரே காலி பண்ணிட்டுப் போயிருச்சு. நீங்க மட்டும் ஏன் இந்த வீட்ட விட்டுப் போகல?"

என் மனைவி கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"போறதா? நாங்க இன்னும் உள்ளயே வரலியேம்மா" என்றாள்.

யாரும் கட் சொல்லவில்லை. நடிகையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அது நடிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் இயக்குநர் ரொம்ப மெதுவாக ஓகே என்றார். கை தட்டினார்கள். பெரியவர் மூக்கைச் சிந்தினார்.

கிளம்பும்போது ஆர்ட் பையன் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து நீட்டினான். அவள் வாங்கி மேடையிலேயே கவிழ்த்து வைத்தாள். மறந்துவிட்டாயா என்று படியிறங்கும்போது கேட்டேன். "மறக்கல" என்றாள். பாலை அன்று மாலை சேலையூரில் காப்பி போட்டுக் குடித்தோம்.

சில மாதங்கள் கழித்துப் படம் வந்தது. சங்கத்தின் சார்பாக ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்தோம். படம் மோசமில்லை. அந்த நிருபரும் போட்டோகிராபரும் செக்போஸ்டுகளைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, குண்டுகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். 'இவங்க குரல் வெளிய கேக்கணும்' என்று அந்த நிருபர் அடிக்கடி சொல்கிறாள். எங்கள் கட்டடம் புகையோடு வந்ததும் விசில் அடித்தோம். பெரியவர் போர்வையோடு ஒரு நொடி வந்தார். கண் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்போம். பிறகு எங்கள் சமையலறை. அடுப்பு, பித்தளைப் பாத்திரம், ஆவி, திரை நிறைய என் மனைவியின் முகம். நிருபர் கேள்வி கேட்டாள். என் மனைவியின் உதடு அசைந்தது. வயலின்தான் கேட்டது.

அவள் சொன்னதை எடுத்துவிட்டார்கள். ஒரு சொல்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா விசும்புவது கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜனங்களின் குரலை வெளியே கொண்டுபோகிறவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்து, அதில் நிஜமாகப் பேசிய ஒருத்தியின் குரலுக்கு மேலே வயலினைப் போட்டு மூடியிருக்கிறார்களே! இடைவேளையிலேயே எழுந்துபோகலாம் என்றேன். "உக்காருங்க. அந்தப் போட்டோகிராபர் உயிரோட இருக்கானா தெரியணும்" என்றாள். அவன் செத்துப்போனான். என் மனைவி அதற்கு அழுதாள். தன் வசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வீட்டுக்குப் போகாமல் ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறச் சொன்னாள். கேட்டில் அதே வாட்ச்மேன்.

"வூடு பாக்கணும்னா பில்டராண்ட லெட்டர் வாங்கியா மேடம்" என்று பழைய பாட்டை ஆரம்பித்தார்.

"வீடு பாக்க வரலண்ணா. சூட்டிங் அப்ப என் பாத்திரத்த மேல வச்சிட்டேன். எடுக்கணும்."

வீடு கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று பில்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பாத்திரம் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "படத்துல பாத்தேன், அந்தப் பித்தளையா?" என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தார். தானே போய் எடுத்துவருவதாகச் சொன்னார். கைப்பிடி இல்லாத படி, அவருக்கு மூட்டுவலி வேறு, நாங்களே போகிறோம் என்றாள்.

களிமண் ஓட்டைகள் மழையில் கரைந்து சுவரோடு வழிந்திருந்தன. குடும்பப் படத்தை எடுத்துப்போயிருந்தார்கள். பாத்திரம் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அவள் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். தரையைக் கொஞ்சம் பெருக்கினாள். வண்டலூர் மலையைப் பார்த்தபடி இருவரும் பால்கனியில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு எந்த நிறத் திரை போடலாம் என்று பேசினோம். வெயில் ஏறியதும் எழுந்தாள், பாத்திரத்தை மறுபடி கவிழ்த்து வைத்தாள், கைவீசி இறங்கினாள்.

"பாத்திரம் எங்க மேடம்?" என்றார் வாட்ச்மேன்.

"மேலதான் இருக்கு அண்ணா. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பூட்டைப் போட்டார். அடுத்த வாரமும் திறந்தார். அதற்கடுத்த வாரமும் திறந்தார். பால் இன்னும் காய்ச்சவில்லை.