கிழங்கு உரித்தவர்

மத்திகிரியைத் தாண்டி நாங்கள் வீடு கட்டிக் குடிபோன மனைப்பிரிவில், எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடுகள். பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் தினமும் ஜூஜுவாடி வழியாக எல்லை தாண்டி பெங்களூருவுக்குப் போய்வருகிறவர்கள். தமிழில் தொடங்கிய பேச்சு கன்னடத்தில் முடியும், நடுவில் தெலுங்கும் வந்துபோகும். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், தெருப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பண்டம் செய்து எடுத்துப்போக வேண்டும். என் பண்டம், சீஸ் போட்டு ஓவனில் வைத்து எடுக்கும் உருளைக்கிழங்கு.

அதை நான் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் முறை நடுவில் இருந்த கிழங்கு வேகவில்லை. அடுத்த முறை பால் திரிந்துபோனது. அதற்கடுத்த முறை மேல்பக்கம் கருகியது. நாலாவது தடவைதான் கைக்கு வந்தது. கிழங்கை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, தோலுரித்து, வட்ட வில்லைகளாக நறுக்க வேண்டும். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். அதில் மிளகு, தட்டிய பூண்டு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். கண்ணாடி ட்ரேயில் ஒரு அடுக்கு கிழங்கு, அதன்மேல் அந்தப் பால் கலவை, கை நிறையத் துருவிய சீஸ், மறுபடி கிழங்கு. கடைசியாக ரஸ்க்கைப் பொடித்துத் தூவி ஓவனுக்குள் தள்ளினால், அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் கொப்புளித்துப் பொன்னிறமாக வரும்.

கூட்டத்தில் முதலில் காலியாவது என் ட்ரேதான். சாம்பார் சாதமும் பிசிபேளாபாத்தும் பாதிப் பாத்திரம் மிச்சமிருக்கும்போது, என் ட்ரேயின் மூலையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

இதைச் செய்ய எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குழம்போ கூட்டோ கொண்டுபோனால், "இது எந்தப் பக்கத்துச் சமையல்? உங்க வீட்ல இப்படித்தான் வைப்பீங்களா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று வரும். சீஸ் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு யாரும் அப்படிக் கேட்டதில்லை. சீஸ் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

என் ஊர் பர்கூருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் என்று சொல்வது வாய்ப்பழக்கம். நாங்கள் இருந்தது ஊருக்கு வெளியே, காலனியில். அப்பா கிரானைட் குவாரியில் கல் உடைத்தார், நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஊர்க்காரர்களின் தோட்டங்களில் களையெடுத்தும் கடலை பறித்தும் என்னை வளர்த்தார். அரசு விடுதியில் தங்கிப் படித்து, டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். தெருவில் யாராவது விசாரித்தால், "பர்கூர் பக்கம்ங்க, விவசாயக் குடும்பம்" என்பேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மா விவசாயம்தான் செய்தார், அடுத்தவர் நிலத்தில்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை. காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் ரெக்சின் பையோடு அம்மா இறங்கினார். பையில் ராகி மாவு, புளி, ஒரு படி வேர்க்கடலை.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறியேம்மா" என்றேன். வாம்மா என்று சொல்வதற்கு முன்பே அது வாயில் வந்துவிட்டது.

"பேத்தியப் பாக்கணும்போல இருந்துச்சு. பஸ்ஸும் நின்னுகினு இருந்துச்சு, ஏறிட்டேன்."

என் மகளைச் சிறிது நேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டார். அம்மாவால் சும்மா உட்கார முடியாது. நான் வேகவைத்து வடித்திருந்த மூன்று கிலோ கிழங்கையும் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். ஆறும்வரை காத்திருக்கவில்லை. ஆவி பறக்கும் கிழங்கை நான் துணியில் பிடித்துத்தான் உரிப்பேன். அம்மா வெறும் விரலால் தோலை இழுத்துப் போட்டார்.

"இத்தினி கிழங்கு எதுக்குடி? கண்ணாலமா?"

"தெருவுல இருக்கற பொம்பளைங்க வருவாங்கம்மா. சேர்ந்து சாப்பிடுவோம்."

"நல்லதாப் போச்சு. நானும் ஒரு ஓரமா உக்காந்துகினு பாக்கறேன். நல்ல சேலை ஒண்ணு எடுத்தாந்திருக்கேன், மாத்திக்கறேன்."

நான் பாலைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"வேணாம்மா. நீ உள்ளயே இரு."

"ஏன்?"

"அவங்கல்லாம் கன்னடத்துல பேசுவாங்க. உனக்குப் புரியாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் களையெடுக்கப் போகிறவர்களுக்கு மூன்று மொழியும் வரும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகக் கன்னடம் தெரியும். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார். சேலையை மாற்றவில்லை.

மகள் யாருக்கு முன்னாலாவது பாட்டியை "ஆயா" என்று எங்கள் வழக்கப்படி கூப்பிட்டுவிடுவாளே என்ற பயம் வந்தது. அவளுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று சொல்லி, கணவரோடு கடைக்கு அனுப்பினேன். அவர் புரிந்துகொண்டார்.

"அவங்க உங்கம்மா" என்றார், வண்டியைக் கிளப்பும் முன்.

"எனக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க."

ஒரு மணிக்கு எல்லோரும் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அக்கா, கன்னடக்காரர், தன் பாத்திரத்தை வைக்கச் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார். தொட்டியருகே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"கெலசக்கெ ஹொசபரா?"

வேலைக்குப் புதிதா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, இயல்பாகத்தான் கேட்டார். இல்லை, என் அம்மா என்று சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகியிருக்காது.

"ஹௌது" என்றேன். ஆமாம்.

அம்மா திரும்பவில்லை. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார்.

அன்று ட்ரே பிரமாதமாக வந்திருந்தது. கூடத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா இரண்டாவது முறை போட்டுக்கொண்டு, "தும்ப சென்னாகிதெ", ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். செய்முறையை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்தேனே தவிர, காது முழுக்கச் சமையலறையில் இருந்தது.

மூலைவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண்ணுக்கு அதுதான் முதல் கூட்டம். பர்கூர் பக்கம் என்று அவள் சொன்னதிலிருந்து நான் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க அவள் எழுந்தாள். நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

"அட, நீயா! எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வருவியே! இங்கதான் வேலை செய்யறியா?"

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அம்மாவை நீ என்றாள். அம்மாவும் அதில் ஒன்றும் இல்லாததுபோல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஆமாம்மா. இந்தம்மா வூட்லதான். அப்பாரு நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு, கால்தான் முடியல. உனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சே, ஆஸ்டல்ல தங்கிப் படிச்சுது?"

"இருக்குதும்மா. தூரமா இருக்குது."

நான் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அம்மாவைப் பார்த்த கண்ணோடு என்னையும் பார்த்தாள். எனக்கு அம்மாவின் முகம். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அப்படியே. அவள் பார்வை ஒரு தரம் அங்கும் ஒரு தரம் இங்கும் போய்வந்தது. பிறகு லேசாகச் சிரித்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

எல்லோரும் கிளம்பிப் போனபின், ட்ரேயைத் தண்ணீரில் ஊறப்போடும்போதுதான், அம்மாவுக்கென்று ஒரு கரண்டிகூட எடுத்துவைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "வயிறு நெறைஞ்சுதான் இருக்குது" என்றார். மகள் புதுச் செருப்போடு திரும்பி வந்தாள். அவளைப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிவிட்டு, அம்மா பையை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

ஓசூர் பேருந்து நிலையம்வரை கூடப் போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கீழே நின்று, "அம்மா, நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் நானும் அப்படியே சொல்லிட்டேனே. உடு."

அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பஸ் நகரும்வரை நான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, எதிர்வீட்டு அக்காவிடமிருந்து தகவல் வந்தது. "இந்த தடவ நீங்க சிரமப்பட வேணாம். பேப்பர் தட்டும் வாட்டர் பாட்டிலும் மட்டும் கொண்டாந்துடுங்க." நான் கிழங்கும் சீஸும் வாங்கிவைத்திருந்தேன். பரவாயில்லை, செய்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். "வேணாம், ரெஸ்ட் எடுங்க" என்று கூடவே ஒரு சிரிப்பு முகமும் வந்தது.

பேப்பர் தட்டோடு போனேன். மேசை நடுவில் சீஸ் உருளைக்கிழங்கு இருந்தது. நான் குழுவில் எழுதிப்போட்ட செய்முறையைப் பார்த்து, மூன்றாம் வீட்டுப் பெண் செய்திருந்தாள். ரஸ்க் பொடிகூடத் தூவியிருந்தது.

"உங்க ரெசிபிதான், எப்படி வந்திருக்குன்னு பாருங்க!" என்று ஒரு வில்லையை என் தட்டில் வைத்தாள்.

பால் கலவை நீர்த்துப்போயிருந்தது, உப்பும் குறைவு. நன்றாக இருக்கிறது என்றேன். எல்லோரும் எப்போதும்போல் என்னிடம் சிரித்துப் பேசினார்கள். மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். யாரும் எதையும் சொல்லவில்லை. யாரிடம் கோபப்படுவது? ஏன் என்னைச் செய்ய வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டால், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் என்பார்கள். அதற்குமேல் கேட்க வேண்டுமானால், நான் சொன்ன பொய்யை நானே வெளியே எடுத்துப் போட வேண்டும்.

அதற்கடுத்த மாதங்களிலும் பேப்பர் தட்டுதான். மறுபடி எங்கள் வீட்டு முறை வந்தபோது, "நீங்க ஷிஃப்ட்ல அலையறீங்க" என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு நான் போவதை நிறுத்திக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மூலைவீட்டுப் பெண் மட்டும் ஒருநாள் பால் வாங்கும்போது என்னிடம் நின்று பேசினாள். "உங்கம்மா நல்லா உழைப்பாங்க. எங்கப்பா இன்னமும் சொல்லுவாரு" என்றாள். உங்கம்மா என்றாள், உழைப்பாங்க என்று மரியாதையும் கொடுத்தாள். அவள் மனதில் வன்மம் இருந்ததாகத் தோன்றவில்லை. நான் தலையாட்டினேன். அவர் என் அம்மா என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை.

அம்மா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போனில் கூப்பிடும்போதெல்லாம், ஆடு குட்டி போட்டிருக்கிறது, முட்டி வலிக்கிறது, பக்கத்து வீட்டில் விசேஷம் என்று ஏதாவது சொல்வார். மகளின் பிறந்தநாளுக்கும் வரவில்லை. போன மாதம் லீவு போட்டுவிட்டு நானே போனேன். அம்மா வீட்டுப் பின்னால் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு போட்டார், கடலைச் சட்னி அரைத்தார், மகளுக்கென்று மாங்காய் எடுத்துக் கட்டிவைத்தார். எதிலும் குறை வைக்கவில்லை. புறப்படும்போது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா வரமாட்டேங்கற? ஒரு வாரம் வந்து இரேன்."

"வந்தா யாருன்னு சொல்லுவ?"

"அம்மான்னு சொல்லுவேன். எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அம்மா தழைக்கட்டை இறுக்கி முடிந்தார்.

"அந்தத் தோட்டத்துப் பொண்ணு அன்னிக்கே கண்டுகிச்சு, இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே. இனிமே சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள் போனார். வெளியே வருவார் என்று கொஞ்சநேரம் நின்றேன். கடைசி டவுன் பஸ் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். மாங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.