தம்பி நேர்ந்துகொள்ளாத சேவல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தவித்தேன். அம்மா இருந்தவரை மனம் வரவில்லை. அம்மா போன பிறகு, எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்டி மஹய்யாவயில் சில்லறைக் கடை வைத்திருப்பவன். திருநீறு பூசாமல் ஒரு நாளும் கடைக் கதவைத் திறந்ததில்லை. அப்படிப்பட்ட நான், என் கூடப் பிறந்தவன் சாமி பெயரைச் சொல்லாமலே செத்துப்போனான் என்று எழுத வேண்டியிருக்கிறது.

தம்பி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவன். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேல்நாட்டுத் தத்துவத்தின் வரலாற்றை, ஆதியிலிருந்து நம் காலம் வரை, சாதாரண சனங்களுக்கு விளங்குகிற தமிழில் ஒரு புத்தகமாக எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. "கொழுந்தெடுத்துட்டு வந்து லயத்து வீட்டுல உக்காந்து படிச்சாலும் புரியணும்ணே" என்பான்.

எழுதத் தொடங்கக்கூட இல்லை, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. விரல்கள் வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்கு விளங்காத இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தான். நிறுத்தினால் வேறு மாதிரிச் சொல்வான். "நீங்க தலையாட்டினா புத்தகம் பாஸ்ணே."

முதல் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். எனக்குப் பழக்கம் அது. சாமான் துண்டு எழுதினாலும் போடுவேன். அடுத்த தாளிலும் போட்டேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கடவுளே இல்லேன்னு சொல்றவங்க பின்னால வர்றாங்கண்ணே. அவங்க தலைமேலயும் சுழியா?"

"வர்றப்ப வரட்டும். அவங்களுக்குத்தான் கூடுதலா வேணும்."

எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று சொல்லி, வானத்தைப் பார்த்து நடந்து கிணற்றில் விழுந்தவர் முதலில் வந்தார். பிறகு சந்தையில் நின்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேள்வி கேட்டு, அதற்காகவே ஊரார் நஞ்சு கொடுத்துக் கொன்ற கிழவர். அவர் சாகும்போது சிநேகிதரைப் பார்த்து, நோய் தீர்க்கும் சாமிக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதே என்றாராம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் கொல்லையிலும் அப்போது ஒரு சேவல் திரிந்துகொண்டிருந்தது. தம்பிக்குச் சுகமானால் முனியாண்டிக்கு என்று நான் நேர்ந்து விட்டது.

"பாத்தியாடா! அவ்வளவு கேள்வி கேட்ட மனுஷனும் கடைசியில சாமிகிட்டதான் வந்திருக்காரு."

"அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு படிச்சவங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. நீங்க ஒரு நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லிட்டீங்க."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "எந்த ஊரு முனியாண்டிக்குடா?"

"கிரேக்கத்து முனியாண்டிக்கும்மா!" என்றான் தம்பி.

அந்த வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பிறகு வந்தவர்கள் என் தூக்கத்தைக் கெடுத்தார்கள். கண்ணால் காண்பதையும் நம்பாமல், சந்தேகப்படுகிற நான் இருக்கிறேன் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏற முயன்றவர். கண்ணாடிச் சில்லு தீட்டிப் பிழைத்த ஒருவர். கடவுளும் இயற்கையும் ஒன்றே என்றதற்காக அவருடைய சனங்களே அவரைத் தள்ளி வைத்தார்கள். அவருக்காக எனக்கு அழுகை வந்தது. கடைசியாக, கடவுள் செத்துப்போனார், கொன்றது நாம்தான் என்று எழுதியவர்.

"இதை நான் எழுத மாட்டேன்டா."

"நீங்க சொல்லலண்ணே, அவரு சொன்னாரு. சந்தோஷத்துல சொல்லல, பயந்துதான் சொன்னாரு. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. ஒரு சொல்லைக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

சுழி போட்டு எழுதினேன். அதன் பிறகு சாமி விளக்கேற்றும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வரும். அவன் தன் முடிவைச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. இத்தனை பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். "அங்க போய்ப் பாப்போம்ணே" என்றான். அந்த அத்தியாயம் என்னைத் தேற்றும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஒரு மத்தியானம், நோயாளி பார்க்கிற நேரத்தில், தாய்மாமா சுடுதண்ணி வாங்கப் போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் குனிந்து கெஞ்சினேன்.

"ஒருவாட்டி முருகான்னு சொல்லேன்டா. உனக்கு வேணாம், எனக்காக."

தலையை அசைத்து மறுத்தான். "உள்ள இல்லாததை வாயால எப்படிண்ணே சொல்றது? நீங்க கும்பிடுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா எனக்குன்னு அந்தச் சேவலை அறுக்காதீங்க. நான் நேரல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்புறம் பேசவில்லை. விடியும்போது போய்விட்டான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். தேவாரத்துக்குப் பதிலாக அவன் சொல்லி நான் எழுதியதையே போடுவோம் என்று நான்தான் சொன்னேன். மாமா அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அன்றைக்குக் கூட்டத்தில் நின்று மலரைப் புரட்டினேன். தம்பி சொன்னவையெல்லாம் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் யாரும் சொல்லாத நாலைந்து வரிப் பந்தி ஒன்று. தத்துவங்கள் அனைத்தும் இறைவனடியில் முடிவதை உணர்ந்து, "முருகா" என்றழைத்து, சேவல் நேர்த்தியை நிறைவேற்றும்படி கூறிக் கண்மூடினார் என்று.

"மாமா, என்ன இது? அவன் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"மெதுவாப் பேசு. அங்க உங்கம்மா மூஞ்சியைப் பாரு."

பார்த்தேன். அம்மா மலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். மகன் செத்த பிறகு அந்த முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அச்சில் வந்துவிட்டதே, நிறைவேற்றாமல் விட முடியுமா? சேவலை அறுத்தார்கள். விட்டுவிடச் சொல்லி அவன் கேட்டது அந்த ஒரு உயிரைத்தான்.

அம்மா மலருக்குக் குங்குமம் வைத்துச் சாமிப் படங்களோடு வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பந்தியை மட்டும் என்னை வாசிக்கச் சொல்வார். வாசித்தேன். பின்னொரு நாள் ஹேவாஹெட்டயில் அவனிடம் படித்த ஒருவரின் லயத்து வீட்டுக்குப் போனேன். அங்கும் மலர் சாமி மாடத்தில் இருந்தது. சந்தனம் காய்ந்து, உள்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கடைசித் தாள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. "வாத்தியார் கடைசியில சரியா வந்துட்டாருங்க" என்று அந்த வீட்டு அம்மா கண் கலங்கினாள். எந்தச் சனங்களுக்காகச் சொன்னானோ, அவர்கள் அவனைப் பூசை செய்தார்கள். படிக்கவில்லை.

நான் நம்புவது உண்மையென்றால் அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குப் பயம். அவன் படித்த தத்துவக்காரர்களில் கடவுள் இல்லை என்றவர்கள் சொன்னது உண்மையென்றால் அவன் எங்கேயும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஆறுதல் இல்லை. முருகனிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பதில் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அவன் வாயில் முருகனை வைக்காதீர்கள். அவனுக்காக இரங்கி, என் கையிலிருந்து விளக்கையும் பிடுங்கிவிடாதீர்கள். அவன் கும்பிடவில்லை. நான் கும்பிடுகிறேன். சேவலை விட்டுவிடச் சொன்னான், நாங்கள் விடவில்லை. இதை இப்படியே சொல்லுங்கள்.