இல்லாத வீட்டின் சாவி

இத்தாலியில், பலெர்மோவின் புறநகரில் ஒரு பஸ் நிறுத்தம். இந்தப் பக்கம் கூரையில்லாத பழைய மடாலயம். பீடம் இருந்த இடத்தில் அத்திமரம் நிற்கிறது. எதிர்ப்பக்கம் ஆறு மாடிக் குடியிருப்பு. நான் மடாலயத்தைப் படம் எடுக்கிறேன். பஸ்ஸில் அறிமுகமான மன்னார்க்காரி றீற்றா அக்கா, சாண் நீளச் சாவியுடன் குடியிருப்பைப் பார்த்து நிற்கிறார்.

அவர் பராமரிக்கும் முதிய இத்தாலிய எசமானி, சிஞ்ஞோரா, பிறந்த மாளிகை அங்கேதான் இருந்ததாம். அதை விற்றதும் இடித்ததும் சிஞ்ஞோராவின் நினைவில் இல்லை. ஞாயிறுதோறும் சாவியைக் கொடுத்து, வீடு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்கிறார். அக்காவுக்கு அது விடுமுறை நாள்.

அக்காவின் போன் அடிக்கிறது, சிஞ்ஞோராதான். கதவு பூட்டியிருக்கிறது, சன்னல்களும் சாத்தியிருக்கின்றன என்று அக்கா இத்தாலியனில் பணிவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"பதினொரு வருசமா வாறன் தம்பி. ஒரு சாமான் களவு போகேல்லை."

மடாலயத்தைப் பற்றியும் சிஞ்ஞோரா விசாரிப்பாரா என்று கேட்கிறேன்.

"அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டா. அதின்ரை கல்லைப் பிடுங்கித்தானே இவையின்ரை ஆக்கள் வீடு கட்டினவை."

நான் சிரிக்கிறேன். இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வருவானேன், அறையில் படுத்துக்கொண்டே பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாமே என்கிறேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். சற்றுமுன் தேவாலயத்தில் பூசை கண்டுவந்த முகம்.

"வந்து பாக்காமல் சொன்னா அது பொய்யெல்லோ, தம்பி."